லைட் எல்லோ, நாட் ஓகே

எங்கள் கம்பெனிக்குள் 'லைட்' என்ற சொல் போகாத இடமே கிடையாது. காலையில் வாட்ச்மேன் வராந்தா லைட்டை அணைப்பார். அது விளக்கு. டீக்காரர் வந்ததும் செக்கிங் டேபிள் பெண்கள் லைட் டீ கேட்பார்கள். அது டிகாஷன் குறைந்த டீ. லீவு வேண்டுமென்றால் எல்லோருக்கும் லைட்டாகக் காய்ச்சல் வரும். கனமில்லாத துணிக்கு லைட் வெயிட் என்று பெயர். கட்டிங் மாஸ்டர் யாரையாவது கடித்துக் குதறிவிட்டால் பக்கத்தில் இருப்பவர் காதோரம் வந்து, "லைட்டா எடுத்துக்குங்க" என்பார். பீகாரிலிருந்து வந்த தையல்காரர்களுக்கோ கரண்ட்டே லைட்தான். பட்டப்பகலில் மிஷின் நின்றுபோனால், "லைட் கயா" என்று கூச்சல் போடுவார்கள். வெயில் கண்ணைக் குத்துகிற நேரத்தில் இவர்களுக்கு எந்த லைட் போனது என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். அப்புறம் பழகிவிட்டது.

எனக்கு அந்தச் சொல்தான் சோறு போட்டது. நான் ஷேட் பார்க்கிறவன். சாயப்பட்டறையிலிருந்து வருகிற துணி, வெளிநாட்டுக்காரர் கேட்ட நிறத்தில் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. பட்டறைக்காரர்கள் சாயமேற்றிய துணியில் முதலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, கார்டில் ஒட்டி அனுப்புவார்கள். நிறம் ஏறாவிட்டால் 'லைட்' என்று எழுதுவேன். கூடிவிட்டால் 'டார்க்'. சரியாக இருந்தால் 'ஓகே' போட்டுக் கையெழுத்து. இருபத்தாறு வருஷமாக என் கையெழுத்து இல்லாமல் ஒரு கிலோ துணி எங்கள் கட்டிங் டேபிளில் ஏறியதில்லை.

அந்தக் கையெழுத்தில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது. கொஞ்சம் என்று சொல்வது மரியாதைக்காக. என் அறையில் ஒரு லைட் பாக்ஸ் உண்டு. உள்ளே நாலைந்து வகை விளக்கு எரியும் பெட்டி. கடை வெளிச்சத்தில் துணி எப்படித் தெரியும், பகல் வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று அதில் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். நான் அதைக்கூட அதிகம் தொடுவதில்லை. கார்டை எடுத்துக்கொண்டு வடக்குப் பக்க ஜன்னலுக்குப் போவேன், ஒரு பார்வை, முடிந்தது. நிறத்தை அளக்கிற கம்ப்யூட்டரை முதலாளி வாங்கிப் போட்டு, அதற்கு ஒரு பெண்ணையும் வேலைக்கு வைத்தார். அந்தப் பெண் ரீடிங் எடுத்துக்கொண்டு வந்தால், "ஏங்கண்ணு, கம்ப்யூட்டரா பனியன் போடப்போகுது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒரு விஷயம் சட்டென்று புரியாதவர்களை டியூப்லைட் என்று கூப்பிடுகிற பழக்கமும் எனக்கு உண்டு. கம்பெனியில் பாதிப் பேருக்கு அந்தப் பட்டத்தைக் கொடுத்தவன் நான்தான்.

வெள்ளை விஷயத்தில் திமிர் இன்னும் ஒருபடி அதிகம். மற்ற நிறங்களுக்கு வெளிநாட்டுக்காரர் அனுப்பிய சாம்பிளைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பேன். வெள்ளைக்கு வைக்க மாட்டேன். பிறந்ததிலிருந்து பார்க்கிற நிறத்துக்கு எதற்குச் சாம்பிள் என்பேன். வெள்ளையில் லைட், டார்க் என்ற பேச்சும் கிடையாது. மஞ்சள் அடிக்கிறதா, நீலம் அடிக்கிறதா, அவ்வளவுதான். பனியன் துணி பாலைப்போல இருந்தால் போதாது. லேசாக நீலத்தில் முக்கி எடுத்தது போன்ற வெளுப்பு வேண்டும். அது என் மனசுக்குள் இருந்தது. மனசில் இருப்பதோடுதான் ஒத்துப்பார்ப்பேன்.

போன வருஷம் ஆடி மாசத்தில் குழந்தைகள் பனியனுக்கு ஒரு பெரிய வெள்ளை ஆர்டர் வந்தது. துணியை வெளுக்கக் கொடுத்த பட்டறை திருமுருகன்பூண்டியைத் தாண்டி, உளிச்சத்தம் கேட்கிற சிற்பப் பட்டறைகளுக்கு அப்பால் இருக்கிறது. அங்கே டையிங் மாஸ்டராக இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். நாற்பது வயது இருக்கும். மனைவி, ஒரு பெண் குழந்தையோடு இங்கே வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அதிகம் பேச மாட்டார். அவர் கொடுக்கிற துணியில் நான் குற்றம் கண்டுபிடித்தது குறைவு. அதனாலேயே அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அதை அவரிடம் சொன்னதில்லை.

முதல் கார்டை அவரே கொண்டுவந்தார். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். மஞ்சள் அடித்தது. 'லைட் எல்லோ, நாட் ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவர் கார்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எனக்கு நல்ல வெள்ளையாத் தெரியுதேண்ணே" என்றார்.

"மஞ்ச அடிக்குதுங்க மாஸ்டர். இன்னொருக்கா ஏத்துங்க" என்றேன். எங்கள் ஊரில் திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம்.

பக்கத்தில் நின்ற கம்ப்யூட்டர்ப் பெண் ரீடிங் சரியாக இருப்பதாகச் சொன்னாள். சாம்பிளையும் எடுத்து வந்து காட்டினாள். பார்த்தேன். அதுவும் மஞ்சளாகத்தான் இருந்தது. "சாம்பிளே பழசாப் போச்சு கண்ணு, மஞ்ச ஏறிக் கெடக்குது" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, கூடவே உடம்பு கூசுகிறது. என் கண் மஞ்சளா, உலகம் மஞ்சளா என்ற கேள்வி எழுந்த ஒரே நொடி அது. உலகம்தான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அவர் துணியை மறுபடி மெஷினில் ஏற்றினார். வெளுக்கிற மருந்து, வெள்ளை கூட்டுகிற மருந்து எல்லாம் மறுபடியும். இரண்டாவது கார்டிலும் அதே வாசகத்தை எழுதினேன். மூன்றாவது கார்டைக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கார்டையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆர்டருக்கு நாள் நெருங்கியதால், "இதுக்கு மேல வராதாட்ட இருக்குது" என்று சலித்துக்கொண்டே ஓகே போட்டேன். ஏதோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தது போல.

பருத்தித் துணியை மறுபடி மறுபடி வெளுத்தால் நூலில் வலு இருக்காது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும். தைக்கும்போது ஊசி போன வழியில் சின்னச் சின்ன ஓட்டை விழுந்தது. ஒரு தரம் துவைத்ததும் அது கண்ணுக்குத் தெரிகிற ஓட்டையாயிற்று. ஆர்டர் மொத்தமும் நின்றுபோனது. துணி வெந்துவிட்டது என்று பழி பட்டறைமேல் விழுந்தது. "வெளுக்கத் தெரியாம மூணு தடவ ஏத்துனா வேகாம என்ன செய்யுமுங்க?" என்று முதலாளி முன்னால் நான்தான் சொன்னேன். டையிங் மாஸ்டர் அப்போது கதவோரம் நின்றிருந்தார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பட்டறையில் வேறு ஆள் வந்துவிட்டார் என்று காதில் விழுந்தது. அனுப்பிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் நினைக்கவில்லை.

இதே சமயத்தில் வீட்டில் இன்னொரு வெள்ளைத் தகராறு நடந்துகொண்டிருந்தது. எனக்கு வேலைக்குப் போக வெள்ளைச் சட்டைதான். ஏழு சட்டை வைத்திருக்கிறேன். துவைத்து வந்த சட்டையெல்லாம் பழுப்பாக இருக்கிறது என்று தினமும் காலையில் ஒரு பாட்டம் கத்துவேன். என் மனைவி சட்டையை வாங்கிப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், "செரிங்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். அடுத்த நாள் கொஞ்சம் சொட்டுநீலம் கூடச் சேர்ப்பாள். எனக்குப் போதாது. இன்னும் கொஞ்சம். ஊரெல்லாம் என் துணிப்பார்வைக்குப் பயப்படுகிறது, என் வீட்டில் ஒரு சட்டை வெளுக்க ஆளில்லையே என்று அவளிடம் ஒருநாள் சொன்னேன். அவள் அன்றைக்குச் சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வயிறு சரியில்லை என்றாள். நானும் நம்பினேன்.

மார்கழி வாக்கில், எதிர்வெயிலில் வருகிற பஸ்ஸின் நம்பர் தெரியவில்லை. கையை நெற்றியில் வைத்துக்கொண்டு கண்ணைச் சுருக்கினாலும் தெரியவில்லை. தப்பு பஸ்ஸில் ஏறி அவிநாசி வரைக்கும் போய்த் திரும்பினேன். அதைக் கேட்டதும் மனைவி என்னைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு கண்ணிலும் புரை என்றார் டாக்டர். "நல்லாப் பழுத்திருக்கு. எப்படிங்க இத்தனை நாள் சமாளிச்சீங்க? என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். கலர் பார்க்கிற வேலை என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா ஒரு நிமிஷம் நின்றது.

முதலில் வலது கண். "லைட்டாத்தான் அழுத்தற மாதிரி இருக்கும், மேல லைட்டையே பாத்துக்கிட்டு இருங்க" என்றார். பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் கட்டைப் பிரித்து மருந்து விட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நல்ல வெயில். வாசலில் இறங்கியதும் எதிர்வீட்டுச் சுவர், கரண்ட் கம்பம், எல்லாம் கழுவி விட்டது போல இருந்தது. குழந்தை மாதிரி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே உள்ளே போனேன். சட்டை மாற்றலாம் என்று பீரோவைத் திறந்தேன்.

உள்ளே ஏழு நீலச் சட்டை தொங்கியது.

முதலில் எனக்குப் புரியவில்லை. என்னிடம் நீலச் சட்டையே கிடையாது. யாருடையது இது, மருமகன் வந்திருக்கிறாரா என்றுகூட நினைத்தேன். ஒன்றை எடுத்தேன். காலர் ஓரத்தில் என் தையல்காரரின் லேபிள் இருந்தது. என்னுடையதுதான். சும்மா லைட் ப்ளூ இல்லை, பள்ளிக்கூட யூனிபார்ம் போல நல்ல நீலம். இருபத்தாறு வருஷப் பழக்கம் விடுமா? ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். ஆபரேஷன் ஆன வலது கண்ணை மூடிக்கொண்டு, புரை இருந்த இடது கண்ணால் பார்த்தேன். அழுக்கு வெள்ளை, மஞ்சள் அடித்தது. இடதை மூடி வலதால் பார்த்தேன். நீலம். இடது, வலது. மஞ்சள், நீலம். அப்படியே எத்தனை தடவை மாற்றி மாற்றி மூடினேனோ தெரியாது. கால் வலித்தபோதுதான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

மனைவி கஞ்சி டம்ளரோடு வந்தவள் என்னையும் சட்டையையும் பார்த்தாள்.

"இதெப்புடி நீலமாச்சு?" என்றேன்.

"நீங்கதானுங்க வெளுப்பே வரலீன்னு சொல்லீட்டே இருந்தீங்க. நானும் ஊத்தி ஊத்திப் பாத்தனுங்க."

"நீலமாயிருச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"சொன்னனுங்களே. நம்ம சின்னப்புள்ள கல்யாணத்துக்குப் போறப்ப சொன்னேன். கலர் எனக்குச் சொல்லித் தர்றயான்னு கேட்டீங்க." டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "அன்னைக்கு மண்டபத்துல உங்க தங்கச்சிகூடச் சிரிச்சாங்க. நாந்தான் அவுருக்கு இந்தக் கலருதான் புடிக்குதுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்த்தேன். தலைமுடி நான் நினைத்திருந்ததைவிட அதிகமாக வெளுத்திருந்தது. சுத்தமான வெள்ளை. "தப்பு எம்பேர்லதான் அம்மிணி" என்றேன். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள், "கஞ்சி ஆறுது, குடிங்க" என்றாள்.

கஞ்சி தொண்டையில் இறங்கும்போதுதான் அந்த மூன்று கார்டும் ஞாபகம் வந்தது. டியூப்லைட் என்று ஊருக்கெல்லாம் பெயர் வைத்தவனுக்கு ஆறு மாசம் கழித்துத்தான் எரிந்தது.

கண்ணில் மருந்து விடுகிற நாட்கள் முடிந்து, இடது கண் ஆபரேஷனும் ஆகி, வேலைக்குத் திரும்பிய அன்று முதல் வேலையாகப் பழைய ஃபைலை எடுத்தேன். எல்லாக் கார்டிலும் ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்வேன். அந்த ஆர்டரின் முதல் கார்டு இருந்தது. என் கையெழுத்தில் 'லைட் எல்லோ, நாட் ஓகே'. மேலே ஒட்டியிருந்த துண்டு நல்ல வெள்ளை. பழசு என்று நான் தள்ளிய சாம்பிளையும் கம்ப்யூட்டர்ப் பெண்ணிடம் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் கோடு போட முடியாது. அவ்வளவு பொருத்தம். அவர் முதல் தடவையே சரியாகக் கொடுத்திருந்தார்.

கார்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். அவர் என்னைவிட இருபது வயது சின்னவர். அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் இருக்கிறேன். நடந்ததைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு எழுந்து கதவைச் சாத்தினார்.

"லைட்டா எடுத்துக்குங்கண்ணா. முடிஞ்சுபோன சமாச்சாரம்" என்றார். "இத நீங்க வெளிய சொன்னீங்கன்னா, நீங்க ஓகே போட்ட ஒவ்வொரு கார்டயும் திருப்பிப் பாப்பாங்க. உங்க பேருதானுங்க கெடும்."

அவர் சொன்னது சரிதான். என் நல்லதுக்குத்தான் சொன்னார். அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கும் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. அதை மறைக்க மாட்டேன். இருபத்தாறு வருஷம் என்னிடம் இருந்த ஒரே சொத்து அந்தக் கண். ஆனால் அந்த மனுஷன் கதவோரம் நின்றது மறக்கவில்லை. கார்டைப் பார்த்துக்கொண்டு நின்றதும் மறக்கவில்லை.

"அவுரு பேரு கெட்டுப்போய்க் கெடக்குதுங்க தம்பி" என்றேன். முதலாளி கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "கம்பெனி லெட்டர்ல எழுத வேண்டாமுங்க. நீங்களாப் போய்ச் சொல்லிக்குங்க" என்றார். மறுநாளிலிருந்து எல்லாக் கார்டிலும் இரண்டு கையெழுத்து என்று உத்தரவு வந்தது. என்னுடையதும் கம்ப்யூட்டர்ப் பெண்ணுடையதும். அவளுடையதுதான் மேலே. முதல் வாரம் வயிறு எரிந்தது. இப்போது இல்லை என்று சொன்னால் பொய்.

பட்டறை முதலாளியிடம் போய்ச் சொன்னபோது அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். "நாங்க அவர அனுப்பலீங்களே" என்றார் கடைசியில். "ஒரு லாட்டு போனா போகுது, இருங்கன்னுதான் சொன்னேன். அவுரேதான் வேலைய உட்டு நின்னுக்கிட்டாரு. கண்ணு செரியில்லீங்க, வெள்ளையும் மஞ்சளும் பிரிச்சுத் தெரியறதில்லீன்னு சொன்னாரு."

எனக்கு ஒரு நொடி கேட்டது சரியா என்று சந்தேகம். "ஆருக்குங்க கண்ணு செரியில்ல?"

"மாஸ்டருக்குத்தானுங்க."

இப்போது மங்கலத்தில் ஒரு தறிக்குடோனில் இருப்பதாகச் சொன்னார். சாயம் போடாத காடாத் துணி ஓடுகிற தறிகள். நிறம் பார்க்கவே தேவையில்லாத இடம். "மறுபடி வர்றேன்னா நான் எடுத்துக்கறனுங்க, நல்ல கைகாரரு" என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மங்கலத்துக்குப் போனேன். பீரோவில் இருந்த ஏழு சட்டையில் ஆறை மனைவி வேலை செய்கிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். ஒன்றை நான் கேட்டு வைத்திருந்தேன். அதைப் போட்டுக்கொண்டேன். கார்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் போனதில் ஒரு வரிசை வீட்டில் கடைசி வீடு என்று காட்டினார்கள். ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் தறிச்சத்தம். வாசலில் சாக்குப் போட்டு மூடிய ஒரு பைக் நின்றது.

அவரே கதவைத் திறந்தார். முகத்தில் கண்ணாடி. முன்னால் கிடையாது. என்னைப் பார்த்ததும் திகைத்துப்போய், "வாங்கண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மனைவியும் குழந்தையும் கோயிலுக்குப் போய் இன்னும் வரவில்லை என்றார். சும்மா இருக்கக் கூடாதென்று அவர் என் சட்டையைப் பார்த்து, "வெள்ளைதான போடுவிய? லைட் ப்ளூ உங்களுக்கு நல்லா இருக்கு" என்றார்.

"இது வெள்ளச் சட்டைங்க மாஸ்டர்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். முகம் வாடிவிட்டது. நான் சொன்னதை நம்பி, தன் கண்ணைத்தான் மறுபடி சந்தேகப்பட்டார். அதைப் பார்த்ததும் அவசர அவசரமாகச் சொன்னேன். என் கண்ணில் புரை இருந்தது, வெள்ளையெல்லாம் மஞ்சளாகத் தெரிந்தது, மனைவி நீலத்தை ஊற்றி ஊற்றி இந்தச் சட்டையை இப்படி ஆக்கிவிட்டாள், உங்களுக்குத் தெரிகிற நீலம்தான் நிஜம். பையிலிருந்து கார்டை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"இது நீங்க மொதல்ல கொண்டாந்ததுங்க. செரியாத்தான் இருந்துச்சு. எங்கண்ணுதானுங்க கெட்டுப்போயிருந்துது. உங்குளுது இல்லீங்க."

அவர் கார்டைத் தொடவில்லை.

"நான் கண்ணாஸ்பத்திரிக்குப் போனேம்ணே" என்றார். "புள்ளி புள்ளியா நம்பர் போட்ட புக்கக் காட்டுனாவ. எல்லா நம்பரும் சொல்லிட்டேன். கலரு நல்லாத்தான் தெரியுது, லைட்டா பவரு இருக்கு, கண்ணாடி போட்டாப் போதும்னாரு டாக்டரு. எனக்கு நம்பிக்க வரல. நீங்க ரெண்டு தடவ இல்லைன்னு எழுதிட்டியளே. டாக்டர் பெருசா, நீங்க பெருசா?"

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் கேட்டார்.

"வீட்ல பயந்துட்டா. வண்டிய எடுக்கக் கூடாது, பிள்ளைய வச்சுக்கிட்டு எங்கனயாவது கொண்டு இடிச்சிருவியன்னு மூடிப் போட்டுட்டா. வாராவாரம் எங்கண்ணுக்கு மெழுகுதிரி ஏத்துதா. இப்பமும் அதுக்குத்தான் போயிருக்கா." லேசாகச் சிரித்தார். "இனி உங்க கண்ணுக்கு மாத்தி ஏத்தச் சொல்லணும் போல."

நான் சிரிக்க முடியாமல் பேனாவை எடுத்தேன். கார்டை வாங்கி, 'லைட் எல்லோ, நாட் ஓகே' என்பதன்மேல் கோடு போட்டு அடித்தேன். கீழே 'ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். இந்தத் தடவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "நான் சொன்னா நம்ப மாட்டா. நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே" என்று போனை என்னிடம் நீட்டினார்.

எங்கள் முதலாளியிடமும் பட்டறை முதலாளியிடமும் சொன்னதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. முகம் பார்த்திராத அந்தப் பெண்ணிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுக்காரரு கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. தப்பாப் பாத்தது நானுங்க" என்றேன். போன் கட்டாகிவிட்டதோ என்று காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்பம் அவுகள வண்டி எடுக்கச் சொல்லுங்க" என்றாள். "எங்கள வந்து கூட்டிட்டுப் போவச் சொல்லுங்க. பிள்ள நடக்க மாட்டேங்குது."

அவர் சாக்கை இழுத்தார். தூசி பறந்தது. ஏழெட்டு உதைக்குப் பிறகுதான் வண்டி கிளம்பியது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். "லைட்டா பவர் இருக்குதுன்னாங்களே, போட்டுக்குங்க மாஸ்டர்" என்றேன். "ஆமாம்லா" என்று மறுபடி எடுத்து மாட்டிக்கொண்டார். கோயிலுக்குப் போகிற வழிதான், பஸ் ஸ்டாப்பில் விட்டுவிடுகிறேன் என்று என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். மெதுவாகத்தான் ஓட்டினார். எதிரில் ஒரு நாய் வந்ததற்குக்கூட நின்று போனார்.

பஸ் ஸ்டாப்பில் இறங்கினேன். பூண்டிப் பட்டறையில் இன்னும் அவருக்கு இடம் இருக்கிறது என்று சொன்னேன். "பாப்பம்ணே" என்றார். வண்டியை அணைக்கவில்லை, கிளம்பவும் இல்லை. பையிலிருந்து கார்டை எடுத்து வெயிலில் பிடித்தார். சாய்த்து, நிமிர்த்தி, தள்ளி வைத்து, கிட்டே கொண்டுவந்து பார்த்தார்.

"வெள்ளையாத்தான் தெரியுது" என்றார். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கும் இப்படித்தாம்ணே தெரிஞ்சிது" என்றார்.

பஸ் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அவர் கார்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.